அத்தை போட்ட பல்லவி

பாப் பாட்டு எழுதப் போவதாக என் அத்தை ஒரு நாள் காலைக் காப்பியின்போது அறிவித்தாள். மலையாள தேசத்து வலியசாலையில் எங்கள் தமிழ்த் தெருவுக்குப் பாட்டு என்றால் கோவில் கச்சேரிதான்; மற்றதெல்லாம் ரேடியோ போடும் சத்தம். அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், தங்கைக்கு ஆபீஸில் இதற்கு லீவு சாங்ஷன் ஆகிவிட்டதா என்று மட்டும் விசாரித்தார்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. சினிமாவில் வராத பாட்டுகளும் கேசட்டாக வந்து டிவியில் சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்தன. அத்தை அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எதையும் முறைப்படி செய்கிறவள். பிரபலமான பாட்டுகளை வரிசையாகக் கேட்டு, அவை ஏன் மனதில் நிற்கின்றன என்று ஒரு நோட்டில் காரணங்களை எழுதினாள். நிலா வேண்டும். பிரிவு வேண்டும். மூன்றாவது சரணத்தில் சுருதி ஒரு படி ஏற வேண்டும். அந்தச் சட்டங்களை எல்லாம் கடைப்பிடித்து, இரண்டு மாதம் தூக்கம் கெட்டு, மூன்று சரணங்கள் எழுதி முடித்தாள். பிரபஞ்சம், யுகம், நட்சத்திரம் என்று பெரிய மனிதர்கள் எல்லாரும் அதில் வந்துபோனார்கள்.

பல்லவிதான் அமையவில்லை. ஒரு சாயங்காலம் தூறல் போட ஆரம்பித்தது. மாடிக்கு ஓடி, கொடியிலிருந்து துணிகளை உருவிக்கொண்டே அத்தை வாய்க்கு வந்ததைப் பாடினாள்.

"மெள்ள வா மழையே, மெள்ள வா, மாடியிலே துணி காயறது."

பாடிவிட்டு அவளே தலையில் அடித்துக்கொண்டாள். உருப்படியான பல்லவி கிடைக்கும்வரை இது இடத்தைப் பிடித்து வைத்திருக்கட்டும் என்றாள். ஓணம் வந்தது, உருப்படியான பல்லவி வரவில்லை.

ஓணத்துக்கு எங்கள் தெருச் சங்கம் மேடை போடும். சாக்கு ஓட்டம், பூக்களம் எல்லாம் முடிந்தபின் சாயங்காலம் பாட்டுக் கச்சேரி. அந்த வருஷம் சங்கத்துச் செக்ரட்டரி தனக்குத் தெரிந்த கேசட் கம்பெனிக்காரர் ஒருவரை முன்வரிசைக்கு அழைத்திருந்தார். பாட்டு அவருக்குப் பிடித்துவிட்டால் அத்தையின் பெயர் போட்டு ஒரு கேசட். இதைக் கேட்டதிலிருந்து அத்தைக்குச் சோறு இறங்கவில்லை. அவள் கீபோர்டு வாசிக்க, நான் பாடுவதாக முடிவாயிற்று. நாத்தனார் வாயைத் திறந்தால் கேசட்காரர் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுவார் என்பது அம்மாவின் கணிப்பு. எனக்கு ஒன்பது வயது. மூன்று சரணங்களையும் மனப்பாடம் செய்தேன். அர்த்தம் ஒரு வரிக்கும் தெரியாது.

பல்லவியைப் பிரமாதமாகப் பாடினேன். பிறகு எதிரே வெள்ளை முண்டில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்த கேசட்காரரைப் பார்த்தேன். அவ்வளவுதான், முதல் சரணத்தின் முதல் சொல்லே காணாமல் போயிற்று. கீபோர்டின் தாளம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. சும்மா நிற்கக் கூடாதென்று மறுபடியும் பல்லவியையே பாடினேன். அத்தை வாயசைத்துச் சொல்லை எடுத்துக் கொடுத்தாள். எனக்கு அவள் பல்தான் தெரிந்தது. மூன்றாம் தடவையும் மழையை மெள்ள வரச் சொன்னேன். நான்காம் தடவை முன்னால் இருந்த பிள்ளைகள் சேர்ந்துகொண்டார்கள். ஆறாம் தடவை தமிழ் ஒரு வார்த்தை பேசாத பக்கத்துத் தெரு மலையாளிச் சேச்சிகள்கூட எங்கள் வீட்டு 'காயறது'வைக் கணக்காக உச்சரித்தார்கள். ஒன்பது தடவை பாடினேன். செக்ரட்டரி திரையை இழுத்ததால்தான் நின்றது.

அத்தை என்னைத் திட்டவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு கேசட்காரரிடம் ஓடினாள். நான் பின்னாலேயே போனேன். அவர் வாய்க்குள் மழையை முனகிக்கொண்டே ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார். குழந்தை மறந்துவிட்டது, இன்னும் மூன்று சரணம் இருக்கிறது என்று அத்தை நோட்டை நீட்டினாள். அவர் பொறுமையாகத்தான் படித்தார்.

"குட்டி பாடினது மதி, அதே போதும். அந்த ஒரு வரி கொள்ளாம், நல்லாயிருக்கு, கேட்டோ. பாக்கி நான் வேற ஆளை வெச்சு எழுதிக்கலாம்" என்றார்.

அத்தை நோட்டை வாங்கி மூடினாள்.

"அப்படின்னா பாட்டே வேண்டாம் சார். அந்த வரியை நான் எழுதவே இல்லை. அது சும்மா வந்தது. எழுதினது மிச்சம்தான்."

ஸ்கூட்டர் போய்விட்டது. அத்தை அதன்பிறகு கீபோர்டைப் பெட்டியில் வைத்துப் பரணில் ஏற்றினாள். நான்தான் கெடுத்தேன் என்று எனக்குச் சந்தேகமில்லாமல் தெரிந்தது. அவள் அறைப் பக்கமே போகாமல் இருந்தேன். எனக்கு அத்தையை ரொம்பப் பிடிக்கும். அந்த நாட்களில் சாப்பாடும் பிடிக்கவில்லை, விளையாட்டும் பிடிக்கவில்லை.

கடைசியில் ஒரு பரிகாரம் கண்டுபிடித்தேன். சரணங்களை ஊரெல்லாம் பாட வைத்துவிட்டால் கேசட்காரர் தானாகத் திரும்பி வருவார். மூன்று சரணங்களையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற அளவுக்கு நெட்டுருப் போட்டேன். தெருப் பிள்ளைகளைக் கூட்டி, அம்மா சுட்டு வைத்திருந்த முறுக்கை ஆளுக்கு ஒன்று கொடுத்துப் பிரபஞ்சத்தைச் சொல்லிக்கொடுத்தேன். முறுக்கு கையில் இருக்கிறவரை பிரபஞ்சம் நாக்கில் நின்றது. தின்று முடித்ததும் எல்லாரும் மெள்ள வா மழையே என்று பாடிக்கொண்டே வீட்டுக்குப் போனார்கள். நான்கு நாளில் டின் காலி. அம்மா எலி மேல் பழியைப் போட்டாள்.

ஐப்பசி பிறந்து துலா மாத மழை பிடித்துக்கொண்டது. ஒரு சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள் தெருவில் தேங்கிய தண்ணீரில் குதித்துக்கொண்டு அந்த வரியைப் பாடிக்கொண்டிருந்தார்கள். இப்போது அதில் எங்கிருந்தோ இரண்டு கைத்தட்டு வேறு சேர்ந்திருந்தது. மெட்டையும் தங்கள் இஷ்டத்துக்கு ஒடித்து வளைத்திருந்தார்கள். தெருமுனையில் குடையோடு அத்தை வருவதைப் பார்த்தேன். வாயைப் பொத்தச் சொல்லி நான் காட்டிய ஜாடையை எவரும் கவனிக்கவில்லை.

அத்தை அவர்கள் நடுவில் வந்து நின்றாள். கொஞ்ச நேரம் கேட்டாள். கூட்டத்திலேயே சின்னதாக இருந்த பெண்ணிடம் குனிந்தாள்.

"அந்த ரெண்டு தட்டு எங்கே வர்றது? இன்னொரு தடவை பாடு, பார்க்கறேன்."

அது பாடிக் காட்டியது. அத்தை குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டிப் பார்த்தாள். தப்பான இடத்தில் தட்டினாள். பிள்ளைகள் சிரித்தார்கள். மறுபடி தட்டினாள். ஆபீஸ் புடவை தொப்பலாக நனைந்துகொண்டிருந்தது.

இதைவிட நல்ல சந்தர்ப்பம் வராது என்று நான் ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தேன். மூன்று சரணமும் இப்போது தப்பில்லாமல் வரும், பாடட்டுமா என்று கேட்டேன்.

"இருடி, தாளம் தப்பிடும்" என்று சொல்லிக் கையை விடுவித்துக்கொண்டு அத்தை தட்டினாள். இந்தத் தடவை சரியாக விழுந்தது.

அவளுக்கு என் மேல் இருந்த கோபம் இன்னும் போகவில்லை என்று நினைத்துக்கொண்டு, வீட்டுக்குள் போய் அம்மாவின் புடவையில் முகத்தைப் புதைத்து அழுதேன்.