மெக்கானிக் கையில் குடியிருந்த வண்டு

மெக்கானிக்கின் இடது கையில் ஒரு வண்டு குடியிருந்தது. டயாலிசிஸ் ஊசிக்காக இரண்டு ரத்தக்குழாய்களை டாக்டர் இணைத்துத் தைத்த நாளிலிருந்து அங்கே ஓயாத ரீங்காரம். பட்டறைக்கு வருகிறவர்கள் காதிலெல்லாம் அந்தக் கையை வைத்து அழுத்துவார்.

"கேளுடா! பட்டறையிலயே ஒழுங்கா ஓடுற இன்ஜின் இது ஒண்ணுதான்."

இறுக்கினால் குழாய் அடைத்துவிடும் என்று, ஆஸ்பத்திரியில் அந்தக் கையில் பிரஷர் பட்டைகூடச் சுற்ற விடமாட்டார்கள். வலது கையில்தான் நர்ஸ் பார்ப்பாள்.

"என்னண்ணே, இது பிரஷரா, டெலிபோன் நம்பரா?"

வார்டே சிரிக்கும். மெக்கானிக்குக் காது சிவந்துவிடும்.

"இன்னிக்கு அவ வாயை அடைக்கிறேன் பாரு," என்று ஒரு டயாலிசிஸ் நாள் காலையில் மூன்று பிரஷர் மாத்திரைகளை ஒன்றாக விழுங்கினார்.

"இன்னிக்கு டயாலிசிஸ் முடியிறவரைக்கும் ஒண்ணுகூடப் போடக் கூடாதுன்னாங்களேங்க!" என்று மனைவி கத்தினாள்.

"அதெல்லாம் மத்தவங்களுக்குடி."

ஆஸ்பத்திரியில் மெஷின் உடம்பு நீரை உறிஞ்ச உறிஞ்ச, பிரஷர் கிணற்றில் விழுந்த குடமாக இறங்கியது.

"ஐயோ, எழுபதுண்ணே!"

கண் செருகும்போதும் இளித்தார். "பாஸாயிட்டேனா?"

மறுநாள் காலை வண்டு பேசவில்லை. கையைத் தட்டினார், உலுக்கினார். ஸ்க்ரூடிரைவர் முனையைக் கையிலும் பிடியைக் காதிலும் வைத்து, இன்ஜினைக் கேட்பதுபோல் கேட்டார். ஊமை.

"பிரஷர் இறங்கி ரத்தம் உறைஞ்சு அடைச்சிருச்சு. மறுபடி தைக்க வேற நல்ல நரம்பும் இல்ல," என்றார் டாக்டர். "இனிமே கழுத்துல குழாய்தான். எத்தனை நாள் தாங்கும்னு சொல்ல முடியாது."

கழுத்தில் குழாயோடு படுத்தவரின் இடது கையில், முதல்முறையாக, நர்ஸ் பட்டையைச் சுற்றினாள்.

"நூத்திருபதுண்ணே. பிரமாதம்."