இருபதுக்குப் பதினான்கு

பிரான்சில் என் மகள் படித்த பள்ளியில் எல்லாப் பாடத்துக்கும் இருபதுக்குத்தான் மதிப்பெண். போன புதிதில் அவள் கணக்கில் பதினொன்று வாங்கி வந்தபோது நான் அழுதேவிட்டேன். பத்து எடுத்தால் தேர்ச்சி, பன்னிரண்டு பரவாயில்லை, பதினான்கு நன்று, பதினாறு அபூர்வம், இருபது கிட்டத்தட்ட யாருக்கும் இல்லை. இது பழக எனக்கு வெகுகாலம் ஆனது. அங்கிருந்து கிளம்பும்போது அவளுக்குக் கணக்கில் பதினான்கு. ஆசிரியை பாராட்டி எழுதியிருந்தார்.

மெல்பர்ன் வந்து கிரான்பர்னில் குடியேறினோம். நுழைவுத் தேர்வு வைத்துச் சேர்க்கும் அரசுப் பள்ளிக்காக இங்கே தமிழ்ப் பிள்ளைகள் சனிக்கிழமைதோறும் டியூஷன் போகிறார்கள். டியூஷனில் மேல் வகுப்பு, கீழ் வகுப்பு என்று இரண்டு பிரிவு; அந்தத் தேர்வுக்குத் தயார்செய்வது மேல் வகுப்பில் மட்டும்தான். மகளைக் கூட்டிக்கொண்டு, அவளுடைய பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். டியூஷன் நடத்துபவர் யாழ்ப்பாணத்துக்காரர். ரிப்போர்ட்டைப் பார்த்ததும் ஐந்தால் பெருக்கினார்.

"எழுபது. எண்பதுக்கு மேல இருந்தாத்தான், தங்கச்சி, மேல் வகுப்பு."

"அங்க பதினாலுன்னா ரொம்ப நல்ல மார்க் சார். இருபது யாருக்குமே போட மாட்டாங்க."

"போடாட்டி பிறகேன் இருபதுக்கு வைக்கினம்?"

அவள் மதிப்பெண்ணுக்குப் பக்கத்திலேயே வகுப்பின் சராசரியும் அச்சாகியிருந்தது. அதைக் காட்டினேன். "கிளாஸ் ஆவரேஜே பத்தரைதான் சார்."

"அப்ப முழு வகுப்புமே வீக் போல," என்று சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை. நீங்களே ஒரு தேர்வு வைத்துப் பாருங்கள் என்று கெஞ்சினேன். மேல் வகுப்புக்கு ஆள் எடுக்க அவர் வைக்கும் தேர்வு போன மாதமே முடிந்துவிட்டதாம், இனி அடுத்த ஆண்டுதான். அடுத்த ஆண்டு சேர்ந்தால் நுழைவுத் தேர்வுக்கு நேரமிருக்காது. அதுவரை கீழ் வகுப்பில் உட்காரட்டும் என்றார். இவ்வளவும் அவள் பக்கத்தில் இருக்கும்போதே பேசினோம்.

காரில் கேட்டாள்: "அம்மா, ஆம் ஐ பேட் அட் மேத்ஸ்?"

இல்லடா என்றேன். ஆனால் உடனே சொல்லவில்லை. அந்தச் சின்னத் தயக்கத்தை அவள் கவனித்திருப்பாளோ என்று இன்றும் உறுத்துகிறது. ரிப்போர்ட்டைக் காட்டாமலே சேர்த்திருக்கலாமோ? ஆசிரியை எழுதியதை மொழிபெயர்த்துக் கொண்டுபோயிருக்க வேண்டுமோ? உண்மையிலேயே எழுபதுதானோ? கணவரிடம் சொன்னால், "கீழ் வகுப்புன்னா என்ன, போகட்டுமே" என்கிறார்.

கீழ் வகுப்பிலேயே சேர்த்தேன். இரண்டாவது சனிக்கிழமை கூட்டிவரச் சற்று முன்னதாகப் போய்க் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றேன். பலகையில் எளிய பின்னக் கணக்கு. பிரான்சில் அவள் எப்போதோ முடித்தது. அந்த ஊரில் பதில் சொல்லப் பிள்ளைகள் கையை விரித்துத் தூக்குவதில்லை, ஆள்காட்டி விரலை மட்டும் நீட்டுவார்கள். அவள் விரல் மேசையிலிருந்து கொஞ்சம் எழுந்தது. கையை விரித்துத் தூக்கியிருந்த பக்கத்துப் பிள்ளைகளைப் பார்த்தாள். பிறகு அந்த விரலை இன்னொரு கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டாள்.