பேருக்கு ஒரு டைரக்டர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. மறதியும் உண்டு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகன் அம்பத்தூரில் தகடு அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறான். அதைக் கம்பெனியாகப் பதிவு செய்ய இரண்டு டைரக்டர் வேண்டுமாம். மருமகள் அரசாங்க வேலையில் இருப்பதால் அவள் பெயர் ஆகாது என்று என்னிடம் வந்தான். "பேருக்குத்தாம்மா. நீ ஒண்ணியும் பண்ண வேணாம்" என்றான். விரல் வைத்துக் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். அப்புறம் எப்போதாவது என் போனுக்கு ஒரு நம்பர் வரும், அவன் கேட்பான், படித்துச் சொல்வேன். காஸ் சிலிண்டருக்கு என்றுதான் நினைத்திருந்தேன்; கம்பெனிக் காகிதங்களுக்கு என்று பிறகுதான் தெரிந்தது.

நான் குடியிருக்கும் கரையான்சாவடியில் இது தெரிந்த பூக்காரி விடமாட்டாள். "இன்னா டைரக்டரம்மா, படம் எப்போ? எனுக்கு ஒரு மாமியார் வேஷமாவது குடேன்!" வெட்கத்தில் நான் வேகமாக நடந்துவிடுவேன்.

போன ஆடியில் பட்டறையில் ஒரு பெண்ணுக்கு மெஷினில் இரண்டு விரல் போய்விட்டது. கை உள்ளே போகாமல் தடுக்கும் கம்பியை, வேலை சுணங்குகிறதென்று கழற்றி வைத்திருந்தார்களாம். தொழிற்சாலை ஆய்வாளர் அனுப்பிய நோட்டீஸில் மகன் பெயருக்குக் கீழே என் பெயர். அந்தப் பெண்ணை நான் பார்த்ததுகூட இல்லை.

பூந்தமல்லியில் கம்பெனி ஆடிட்டரிடம் போனேன். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன்.

"தெரியாதுன்றது பதில் இல்லம்மா. டைரக்டர்னா அங்க என்ன நடக்குதுன்னு கேக்கணும், தப்புன்னா தடுக்கணும். பேருக்கு ஒரு டைரக்டர்னு சட்டத்துல கிடையாது."

"நான் வெலகிக்கிறேங்க."

"விலகலாம். கம்பெனிக்கு லெட்டர் குடுங்க. ஆனா நீங்க இருந்தப்போ நடந்ததுக்கு, விலகினாலும் நீங்க பதில் சொல்லணும்."

அன்றைக்கே நான்கு வரி எழுதி மகனிடம் நீட்டினேன். வாங்கிப் படித்தான். "ரெண்டு பேர் இல்லாம கம்பெனி எப்டிம்மா நிக்கும்? நீ எறங்கிக்கினா நான் ஒருத்தன் மாட்டிக்கினு சாவறதா? வேற ஆள் கெடைக்கட்டும், இரு." மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டான். அந்தக் கடிதம் அப்புறம் என்ன ஆனதென்று எனக்குத் தெரியாது.

கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும் என்றார் ஆடிட்டர். என் மகன் பைக்குள் போனது கம்பெனிக்குப் போனதாகுமா? சட்டம் தெரிந்தவர்கள் யாராவது, இங்கே நான் எழுதியதில் பிழை இருந்தால் திருத்தி, நான் இன்னும் டைரக்டர்தானா என்று பார்த்துச் சொல்லுங்கள்.