லோனியின் கரை உரிமம்

லோனி ஸ்டிரிக்லண்ட் கூரை வேயும் கூலியாள். மதுக்கடைச் சண்டையில் ஒருவன் பல்லைப் பெயர்த்துவிட்டு ஓராண்டு சிறையில் கிடந்தான். மீதித் தண்டனையை நிறுத்திவைத்த நீதிபதி, எந்தச் சட்டத்தை மீறினாலும் மறுபடி உள்ளே என்று சொல்லி அனுப்பினார். அன்றிலிருந்து எதைக் கண்டாலும் பயம்.

ஃப்ளோரிடாக் கடற்கரையில் பிறந்தவன் தூண்டிலை எப்படி விடுவான்? கரையில் நின்று பிடிக்க உள்ளூர்க்காரர்களுக்கு இலவச உரிமம் உண்டு. அதை வாங்கிப் பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தான். படகில் பிடிக்கக் காசு கட்டி வேறு உரிமம் எடுக்கவேண்டும். ஆகவே படகுப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை.

அப்பா விட்டுப்போன வீட்டில் அவனும் அண்ணன் டெல்மரும் இருந்தார்கள். டெல்மருக்கு அந்த வீடு முழுசாக வேண்டும். தம்பி என்ற ஈரம் அந்தப் பாவியிடம் ஒரு சொட்டுக்கூட இல்லை.

"மணல்திட்டுல செம்மீனு கூட்டங்கூட்டமா மேயுது, வாடா."

"படகுல ஏறுனா வம்புண்ணே."

"படகுல இருந்தா தூண்டி போடப் போற? எறக்கி விடுறேன், முழங்கால் தண்ணியில நின்னு போடு. கால் தரையில இருந்தா அது கரைதானடா, மக்கு!"

லோனிக்கு நியாயமாகவே பட்டது. ஊரில் பாதிப்பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் நிற்கும் இடத்தோடு வந்த வழியையும் சட்டம் பார்க்கும்; படகில் வந்து இறங்கினால் கரை உரிமம் செல்லாது. டெல்மருக்கு அது நன்றாகத் தெரியும், போன வருஷம் அதே திட்டில் அபராதம் கட்டியவன்.

திட்டில் இறங்கி நின்ற லோனி ஒரே ஒரு மீனை அளந்து வைத்துக்கொண்டான். ஒன்றுதான் அனுமதி என்று மற்றதையெல்லாம் விட்டுவிட்டான். சிறையிலிருந்து வந்தபின் அன்றுதான் வாய்விட்டுச் சிரித்தான். அதற்குள் டெல்மர் கைபேசியில் வரவழைத்த ரோந்துப் படகு வந்துவிட்டது.

அதிகாரியம்மாவிடம் உரிமத்தை நீட்டினான். "கரை உரிமம்மா. தரையிலதான் நிக்கிறேன்."

"இங்க எப்படி வந்தீங்க?"

டெல்மர் முந்திக்கொண்டான். "நான்தாம்மா படகுல கொண்டாந்தேன். பொய் சொல்லக் கூடாது பாருங்க."

அவள் ரேடியோவில் பெயரைச் சொன்னாள். பதில் வந்ததும் விலங்கை எடுத்தாள்.

"அண்ணே, தெரியாமதான வந்தோம்னு சொல்லுண்ணே!"

டெல்மர் தண்ணீரில் இறங்கி வந்து தம்பியின் பைக்குள் கையை விட்டான்.

"வீட்டுச் சாவி எங்கடா? உள்ள கொண்டுபோயித் தொலைச்சிராத."