இலவம் பஞ்சுக்குள் ஒரு ஸ்டுடியோ

வீட்டில் ஸ்டுடியோ வைத்தவனுக்குப் பாட்டைப் பற்றிய கவலை கால்பங்கு, பக்கத்து வீட்டைப் பற்றிய கவலை முக்கால்பங்கு. வாடகை வீட்டில் கீபோர்டை வாங்கிவைத்துக்கொண்டு, கதவைச் சாத்திச் சாத்திப் பார்க்கும் சகோதரர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

2005இல் சின்னமனூரில் டி.வி. ரிப்பேர் கடை வேலையை விட்டேன். கையிலிருந்ததெல்லாம் ஒரு பழைய கம்ப்யூட்டராகவும் மைக்காகவும் கீபோர்டாகவும் மாறிவிட்டது. "பாட்டுப் போடுற ஆளா?" என்று கேட்டே ஐந்து வீட்டில் வாடகைக்கு இல்லை என்றார்கள். ஆறாவது வீட்டுக்காரர் சரோஜாக்கா. கீழே அவர் குடியிருந்தார், மாடி எங்களுக்கு. மாடியில் எட்டுக்குப் பத்தில் ஓர் அறை உபரியாக இருந்தது. அக்காவுக்கு மதியத் தூக்கம் உயிர். சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிட்டார்: "ஒரு மாசம் பாப்பேன் தம்பி. கீழ சத்தம் கேட்டுச்சு, மறுநாளே சாமானை ஏத்திற வேண்டியதுதான்."

சுவருக்கு மெத்தை

சத்தம் வெளியே போகாமலிருக்க மெட்ராஸில் ஏதோ ஸ்பெஷல் ஷீட் ஒட்டுவார்களாம். அந்த விலைக்கு நான் எங்கே போவேன்? நம்ம பக்கம் போடியில் இலவம் பஞ்சுக்கா பஞ்சம்! மூட்டை மூட்டையாக வாங்கினேன். ஏலக்காய் மண்டியில் காலிச் சாக்குகள் கிடைத்தன. சாக்கில் பஞ்சை அடைத்து நாலு சுவருக்கும், கதவுக்கும், ஜன்னலுக்கும் மாட்டிவிடுவது என்று திட்டம். என்ன மூளை எனக்கு என்று நானே மெச்சிக்கொண்டேன்.

மெத்தை தைக்கிறவரை வரச்சொன்னேன். அவர் டேப்பைப் பிடித்துக்கொண்டு தரையை அளந்தார். "தரைக்கு இல்லண்ணே, சுவத்துக்கு" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். அடுக்களையில் இருந்த என் மனைவி செல்வியையும் எட்டிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "வீட்டுல யாருக்கும் சுவத்துல முட்டிக்கிற வியாதியாண்ணே?"

தும்மல் தாளம்

முதல் கிராக்கி கம்பத்திலிருந்து வந்த பக்திப் பாடகர். நல்ல கணீர்க் குரல், நல்ல உடம்பு. ஜன்னலையும் அடைத்தாகிவிட்டதா, பத்தே நிமிஷத்தில் மனுஷன் வேர்த்து ஊற்றிவிட்டார். பாவமாக இருந்தது. ஒரு டேக்குக்கு மட்டும் என்று ஃபேனைப் போட்டேன். அங்கேதான் கெட்டது குடி. சாக்கின் கண் வழியாகப் பஞ்சு பிய்ந்து பிய்ந்து கிளம்பியது. அறை முழுக்கப் பஞ்சு, மீசை முழுக்கப் பஞ்சு. "தாயே" என்று ஆரம்பித்தவர் தும்மினார். மறுபடி "தாயே", மறுபடி தும்மல். எதற்குத் தும்மினாலும் பரவாயில்லை, அம்மனைக் கூப்பிடும்போதா தும்முவது!

அன்றைக்கே செல்வியின் பழைய சேலைகளையும் என் வேட்டிகளையும் சாக்கின் மேல் இரட்டையாகப் போர்த்தித் தைத்தோம். மறுநாள் அதே பாடகர் ஒரே டேக்கில் பாடிக் கொடுத்தார், தங்கமான மனுஷன். ஆனால் முதல் நாள் மாடிப்படி இறங்கும்போது, மூக்கைத் துடைத்தபடியே கேட்டதை நான் மறக்கவில்லை: "ஏந்தம்பி, நான் பாட வந்தேனா, பஞ்சு அடிக்க வந்தேனா?"

மூன்றாவது மாமன்

எங்கள் பக்கம் காதுகுத்து என்றால் ஆட்டோவில் ஸ்பீக்கர் குழாய் கட்டி ஊரைக் கூப்பிடுவார்கள். அதற்கான பேச்சைப் பதிந்து கொடுப்பதுதான் எனக்குச் சோறு போட்ட வேலை. குழந்தையின் பெயரை ஒரு தடவை சொன்னால் போதும். தாய்மாமன்கள் பெயர் மட்டும் ஒன்றுகூடத் தப்பக் கூடாது.

அனுமந்தன்பட்டியிலிருந்து ஒருவர் தன் மகளுக்குப் பதிந்துகொண்டு போனார். நாலு மாமன்கள். இடையிடையே நான் மூச்சு வாங்கிய இடங்களைக் கம்ப்யூட்டரில் வெட்டிச் சுத்தம் செய்தேன். அதில் மூச்சோடு சேர்த்து மூன்றாவது மாமனையும் வெட்டிவிட்டிருக்கிறேன்! ஆட்டோ நாலு தெரு சுற்றிய பிறகுதான் கவனித்திருக்கிறார்கள்.

மத்தியானம் இரண்டு மணி. சரோஜாக்கா தூங்கும் நேரம். மூன்றாவது மாமன் படியேறி வந்து வாசலிலேயே வாயைத் திறந்தார். அவருக்குக் குழாயே வேண்டாம். அக்கா சொன்ன மாதம் முடிய மூன்றே நாள். "உள்ள வாங்கண்ணே, உள்ள வந்து பேசுங்க" என்று கையைப் பிடித்து இழுத்து, ஸ்டுடியோவுக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். உள்ளே அவர் கத்தினார் பாருங்கள், அரைமணி நேரம்! "சீர் செய்ய நான் வேணும், பேர் சொல்ல நான் வேணாமாடா?" நியாயமான கேள்வி. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்து, புதிதாகப் பதிந்தேன். போட்டுக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் குளிர்ந்தார். ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: "எம் பேரை மட்டும் ரெண்டு தடவை சொல்லுங்க தம்பி, விட்டுப்போன நாலு தெருவுக்கும் சேத்து."

முப்பதாம் நாள்

மாமன் போட்ட சத்தம் கீழே கேட்காமலா இருந்திருக்கும்? நானும் செல்வியும் மூன்று நாளாக அந்தப் பேச்சாகவே இருந்தோம். செல்வி பாத்திரங்களைக்கூட ஒரு பெட்டியில் அடுக்க ஆரம்பித்துவிட்டாள். முப்பதாம் நாள் காலையில் சரோஜாக்கா படியேறி வந்தார். இந்த ஒரு மாதத்தில் அவர் மேலே வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே பாடகர்கள் இரண்டு பேர் உச்சஸ்தாயியில் இருந்தார்கள். சாத்தியிருந்த கதவின்மேல் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டேன்.

அக்கா என் முகத்தைப் பார்த்தார், செல்வி கட்டிவைத்திருந்த பெட்டியைப் பார்த்தார். அவர் கண் கலங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "ஒரு மாசமா ஒரு பொட்டுச் சத்தத்தையும் காணமே தம்பி, தொழில் படுத்துருச்சா? சங்கட்டப்படாத, எம் மருமகன் திராட்சைத் தோட்டத்துக்கு ஆளு வேணுங்கிறாக, சொல்லிவிடவா?"

உன் தொழில் படுத்துவிட்டதே என்று ஒருவர் துக்கம் விசாரிக்க, வயிற்றில் பாலை வார்த்தாரே என்று அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கியவன், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்தன்தான்.