முனிக்கு வைத்த இலை

என் கணவருடைய அண்ணனுக்கு ஊர் சுற்றிப் பார்க்கும் ஆசை ஜப்பான்காரன் காலத்தில்தான் வந்தது. வெள்ளைக்காரன் இருந்தவரை அவர் கோயில் திருவிழாவுக்குக்கூட எங்களைக் கூட்டிப் போனதில்லை. ஊரில் அரிசி இல்லை, உப்பு இல்லை, ஆண்பிள்ளைகள் தெருவில் நடக்கவே பயந்தார்கள். அந்த நேரம் பார்த்து இவர் அருவி பார்க்கக் கிளம்பினார்.

மலாய் நாட்டில், பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்தோம். என் மாமியார், மூத்தார் என்று நான் சொல்லும் அந்த அண்ணன், அவர் மனைவி, அவர்களுடைய சின்னப் பெண், என் கணவர், நான். மூத்தாருக்கு ரயில்வே பட்டறையில் வேலை. ஜப்பான்காரன் அவரை அதே வேலையில் வைத்துக்கொண்டு கையில் கட்ட ஒரு துணிப்பட்டையும் கொடுத்தான். அதைக் கட்டியிருந்தால் தெருவில் பிடிக்க மாட்டார்கள். என் கணவருக்குப் பட்டை கிடையாது. அவர் வேலை பார்த்த மளிகைக் கடை மூடிக் கிடந்தது. பட்டை இல்லாத தமிழ் ஆண்களைப் பாசார் சந்தையிலும் கள்ளுக்கடை வாசலிலும் மடக்கி லோரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வரிசையிலேயே சில வீடுகளில் ஆள் போயிருந்தது. போனவர்களைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. அதனால் என் கணவர் வீட்டுக்குப் பின்னால் மரவள்ளி நட்டுக்கொண்டு வெளியே தலைகாட்டாமல் இருந்தார். என் வயிற்றில் முதல் பிள்ளை. எனக்கு வேண்டியதெல்லாம் ஒன்றுதான்: இந்த ஆள் வீட்டில் இருக்க வேண்டும்.

"மலைப் பக்கம் அருவி இருக்கும்மா. வெள்ளைக்காரன் பொண்டாட்டி புள்ளைங்களோட கார்ல போயி குளிச்சான், நாம இஞ்சின் தொடைச்சோம். இப்ப அவன் ஜெயில்ல கெடக்கான். நாம போயி பாப்போம்லா!" என்றார் மூத்தார்.

"தம்பிய விட்டுட்டுப் போவோம்பா," என்றார் மாமியார்.

"எம் பட்டை இருக்குல்ல? குடும்பத்துக்கே ரயில் பாஸ் வாங்கியிருக்கேன். அவன் வராம சாமான நீயா தூக்குவ?"

அந்தக் காலத்தில் மூத்தாரிடம் நேராகப் பேசக் கூடாது. சொல்ல வேண்டியதை அவர் மனைவியைப் பார்த்துச் சொல்ல வேண்டும். நான் அவர் காதில் விழும்படி சொன்னேன். "அக்கா, அந்தப் பட்டைய ஒரு ஆளு கையிலதான் கட்ட முடியும்னு சொல்லுங்க."

"உன் ஓரகத்திக்கு வாய் நீளம்னு நீ சொல்லு," என்றார் அவர் தன் மனைவியிடம். அந்த அக்கா இரண்டு பக்கமும் எதையும் சொல்லவில்லை. பாவம், பிள்ளையின் தலையைச் சீவிக்கொண்டிருந்தார்.

என் கணவர் என்ன சொன்னார்? "அண்ணன் சொன்னா சரிதான்." அவர் எப்போதும் அப்படித்தான். எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது.

மாமியாரும் கடைசியில் சம்மதித்தார், ஒரு நிபந்தனையோடு. காட்டு வழியில் போகிறவர்கள் காட்டுக்குக் காவல் இருக்கும் முனியாண்டிக்குச் சோறு வைக்காமல் போகக் கூடாது. அது அவர்கள் குடும்ப வழக்கம். வாரக்கணக்கில் பிடி பிடியாக ஒதுக்கிய ரேஷன் அரிசியைச் சமைத்தார். முட்டை அவித்தார், கருவாடு சுட்டார். எங்கிருந்தோ ஒரு சுருட்டும் வாங்கி வைத்திருந்தார். நாங்கள் கிழங்கு தின்றோம்.

ரயில் நிலைய வாசலில் காவலுக்கு நின்ற சிப்பாய்க்கு எல்லாரும் இடுப்பு வளைத்துக் கும்பிட வேண்டும். எங்களுக்கு முன்னால் போன கிழவர் சரியாக வளையவில்லை என்று கன்னத்தில் அறைந்தான். மூத்தார் பட்டை கட்டிய கையை முன்னால் நீட்டி வளைந்தார். என் கணவர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு எப்படி வளைவது என்று தெரியாமல் தடுமாறினார். சிப்பாய் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு போகச் சொல்லிக் கை காட்டினான்.

ரயில் வடக்கே போனது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்த மூத்தார் எல்லாவற்றையும் காட்டிக்கொண்டே வந்தார், என்னவோ எல்லாம் அவருடைய சொத்து மாதிரி. ஈயக் குட்டை பாரு, லாலான் புல்லு பாரு, அந்தா மலை. ஒவ்வொரு நிலையத்திலும் ரயில் நிற்கும்போது நான் பிளாட்பாரத்தில் காக்கித் துணி தெரிகிறதா என்று மட்டும் பார்த்தேன். மலையை நான் பார்க்கவில்லை.

கோலகுபுவில் இறங்கி பஸ் பிடித்தோம். பெட்ரோல் இல்லாத காலம், கரி எரித்து அந்தப் புகையில் ஓடும் பஸ். மேட்டில் மூச்சு முட்டி நின்றுவிடும். ஆண்கள் இறங்கித் தள்ள வேண்டும். இரண்டு பக்கமும் காடு. பகலிலேயே இருட்டு. ஒரு வளைவில் மரத்தடியில் முனியாண்டி இருந்தார். ஒரு கல், ஒரு சூலம், தகரக் கூரை. ஓட்டுநர் மலாய்க்காரர், ஆனாலும் கேட்காமலே நிறுத்தினார். எல்லா ஓட்டுநர்களும் அங்கே நிறுத்துவார்களாம்.

மூத்த மகன் என்பதால் மூத்தார்தான் இலையை விரித்தார். சோறு, முட்டை, கருவாடு, இலை ஓரத்தில் சுருட்டு. கற்பூரம் காட்டி எல்லாரும் கும்பிட்டோம். வைத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது, திரும்பிப் பார்க்கவும் கூடாது. பிள்ளை முட்டையைப் பார்த்து அழுதது. அவளுக்கென்று தனியாக இரண்டு முட்டையும் கொஞ்சம் சோறும் கூடையில் இருக்கிறது என்று மாமியார் சமாதானம் சொன்னார்.

காட்டுக்குள்ளே ஜப்பான்காரனை எதிர்த்துச் சண்டை போடும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சோறு கொடுத்தவன் தலை போகும் என்று ஊரெல்லாம் சொல்லியிருந்தார்கள். எங்களுக்கும் தெரியும். சாமிக்கு வைக்கிற சோறும் அதில் சேரும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

அருவியைப் பார்த்தோம். தண்ணீர் விழுந்தது. மூத்தார் குளித்துவிட்டு, "வெள்ளைக்காரன் குளிச்ச எடம்டா தம்பி!" என்று கத்தினார். நான் கத்தாதீர்கள் என்று அக்காவிடம் சொன்னேன்.

அதே பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு இறங்கியது. முனியாண்டி வளைவில் ராணுவ லோரி குறுக்கே நின்றது. துப்பாக்கியோடு சிப்பாய்கள், ஓர் அதிகாரி, அவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு மலாய் போலீஸ்காரர். எங்கள் இலை அங்கேயே கிடந்தது. அதில் ஒரு பருக்கை இல்லை.

எங்களை இறக்கி வரிசையாக நிற்க வைத்தார்கள்.

"சியாப்பா பூஞா மாக்கான்?" என்று கேட்டார் போலீஸ்காரர். இது யார் சாப்பாடு?

சிப்பாய் கூடையைப் பிடுங்கிப் பார்த்தான். அதில் மிச்ச இலையும், பிள்ளை தின்றது போக மிஞ்சிய சோறும் ஒரு முட்டையும் இருந்தன. கூடையைத் தூக்கி வந்தவர் என் கணவர். அவர் கையைப் பின்னால் முறுக்கிக் கட்டி முழங்கால் போட வைத்தார்கள். கையில் பட்டை இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டார்கள்.

நான் மூத்தாரைப் பார்த்தேன். அவர் தன் கைப்பட்டையைத் தடவிக்கொண்டு தரையைப் பார்த்தார்.

"நீங்கதானே எல வச்சீங்க? சொல்லுங்களேன்!" என்று நேராக அவரைப் பார்த்துக் கத்தினேன். மூத்தாரிடம் நான் நேருக்கு நேர் பேசிய முதல் பேச்சு அது. அவர் வாய் திறக்கவில்லை. சிப்பாய் என்னைத் துப்பாக்கிக் கட்டையால் தள்ளினான். அக்கா பிடித்துக்கொள்ளாவிட்டால் வயிறு தரையில் பட்டிருக்கும்.

மாமியார்தான் முன்னால் போனார். தனக்குத் தெரிந்த பாசார் மலாயில், சாப்பாடு நான் வைத்தது, சாமிக்கு வைத்தது, இவன் வெறுமனே கூடை தூக்கினான் என்றார். போலீஸ்காரருக்கு விஷயம் புரிந்தது. அவரும் இந்த நாட்டு ஆள்தானே. அவர் அதிகாரிக்கு என்னவோ சொன்னார். அதிகாரி வெறும் இலையைக் காலால் தள்ளி, கல்லைக் காட்டிச் சிரித்தான். கல் முட்டை தின்னுமா என்று கேட்கிறான் என்றார் போலீஸ்காரர்.

பிறகு என்னென்ன வைத்தாய் என்று கேட்டார்கள். மாமியார் சொன்னார். சோறு. முட்டை. கருவாடு. அங்கே நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. சுருட்டையும் காணோம். சோற்றைக் குரங்கு தின்னும், நாய் தின்னும். சுருட்டை எந்தக் குரங்கு எடுத்துப் போகும்? மூத்தார் எதையாவது உளறிவிடுவாரோ என்று பயந்தேன். நல்லவேளை, அவருக்கு அப்போதும் வாய் வரவில்லை.

அதிகாரி சோதித்துப் பார்க்கிறேன் என்றான். கூடையில் இருந்த பிள்ளையின் சோற்றையும் முட்டையையும் அதே இலையில் வைக்கச் சொன்னான். என் கணவரை இலைக்குப் பக்கத்தில் கட்டியபடியே உட்கார வைத்தார்கள். மாமியாரும் கேட்காமல் போய் மகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். லோரியையும் பஸ்ஸையும் வளைவுக்கு அப்பால் தள்ளி நிறுத்தினார்கள். எங்களைப் புதருக்குப் பின்னால் உட்கார வைத்து, பிள்ளையின் வாயைப் பொத்தச் சொன்னார்கள். சிப்பாய்கள் துப்பாக்கியை இலைப் பக்கம் நீட்டிப் படுத்தார்கள். போலீஸ்காரர் எங்களிடம் மெல்ல விளக்கினார். ஆள் வந்தால் அவனையும் சுடுவார்கள், உங்களையும் சுடுவார்கள்.

காத்திருந்தோம். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. ஒரு இலை அசைந்தால் என் வயிற்றில் பிள்ளை புரண்டது. உள்ளே யாரோ பசியோடு இருக்கிறான், அவன் நம்மைப் பார்த்துக்கொண்டே இருக்கிறான் என்று எனக்கு நிச்சயமாகத் தோன்றியது. சாமியைக் கும்பிட்டு வா வா என்று அழைத்துத்தான் பழக்கம். அன்றைக்கு, முனியாண்டி, யாரையும் அனுப்பாதே, நீயும் வராதே என்று கும்பிட்டேன். என் கணவர் முகத்தில் ஈ உட்கார்ந்தது. கை கட்டியிருந்ததால் அவரால் ஓட்ட முடியவில்லை. மாமியாரும் அசையவில்லை.

மேலே கிளை முறிந்தது. ஒரு குரங்கு இறங்கியது. என் கணவரைப் பார்த்துப் பல்லைக் காட்டிவிட்டு முட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறியது. அதற்குப் பின்னால் ஒரு கூட்டமே இறங்கி இலையைக் கிழித்துப் போட்டது.

சிப்பாய்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தான். எழுந்து வந்து என் கணவரை இரண்டு கன்னத்திலும் அறைந்து, கட்டை அவிழ்க்கச் சொன்னான். லோரி போய்விட்டது. அவர் எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். நானும் மாமியாரும் தூக்கினோம்.

சுருட்டை யார் எடுத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தச் சிப்பாய்களில் ஒருவனே எடுத்துச் சட்டைப் பையில் போட்டிருக்கலாம். உள்ளே இருந்தவன் எடுத்திருந்தால், அவன் இரண்டாம் தடவை வராமல் இருந்ததால்தான் நாங்கள் பிழைத்தோம்.

ரயில் ஏறியதும் மூத்தாருக்குப் பேச்சு வந்துவிட்டது. "முனி கொரங்கு ரூபத்துல வந்துட்டான் பாத்தியாம்மா? நான் வாயத் தொறந்திருந்தா ஜப்பான்காரன் ரெண்டு பேரையும் கொண்டுபோயிருப்பான். யோசிச்சுத்தான் சும்மா இருந்தேன்."

"ஒருத்தர் போனாப் போதும்னு யோசிச்சீங்க," என்றேன், அவர் முகத்தைப் பார்த்தே.

"பொம்பளை மாதிரி பேசு!"

"பொம்பளைதான் முன்னால போயி நான் வச்சேன்னு சொன்னா," என்றார் மாமியார்.

என் கணவர் கன்னம் வீங்கி ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். "அண்ணன விடு," என்று என்னிடம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

அடுத்த சில நாட்களிலேயே நாங்கள் கிள்ளானுக்குப் போனோம். மாமியாரின் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் ஆற்றுப் பக்கம் கிழங்குத் தோட்டம் போட்டிருந்தார். சாலையிலிருந்து தள்ளிய இடம், லோரி வர முடியாது. வீட்டை விட்டுக் கிளம்பும்போது மாமியாரும் தன் துணி மூட்டையோடு எங்களுக்கு முன்னால் வாசலில் நின்றார்.

"அங்க அரிசி கெடைக்காதும்மா," என்றார் மூத்தார். "பட்டை இருக்கறதால எனக்குத்தான் ரேஷன் ஒழுங்கா வருது."

"கெழங்கு தின்னுக்கறேன்," என்றார் மாமியார். "நீ அந்தப் பட்டைய வேகவச்சுத் தின்னு."