எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்த எங்கள் அண்ணை

விக்கினம் தீர்க்கும் பிள்ளையாரை மனதில் இருத்தி, எங்கள் குடும்பத்துக்கு நிழலாக நின்று மறைந்த அண்ணையைப் பற்றி நாலு வார்த்தை எழுதத் தொடங்குகிறேன். நான் அவருடைய ஒரே தங்கச்சி. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நினைவு மலருக்கு நான்தான் எழுதவேண்டும் என்று அண்ணையின் மகள் கேட்டபோது, "எனக்கு எழுத வராது பிள்ளை" என்றேன்.

"நடந்ததை அப்பிடியே எழுதுங்கோ மாமி, ப்ளீஸ். ஆக்கள் பிழையாக் கதைக்கினம்" என்றாள்.

அவள் சொன்னது உண்மை. செத்தவீட்டுக்கு வந்த சிலர் கதைத்த கதை ஒன்று எங்கள் காதிலும் விழுந்தது. "புருசன் றோட்டில கிடக்க, அவ காருக்குள்ள குனிஞ்சு திறப்பைக் கழட்டிக்கொண்டு நிண்டவ" என்பதுதான் அந்தக் கதை. திறப்பு என்றது கார்ச் சாவியை. அது அண்ணியின் காதுக்கும் போய்விட்டது. அன்று முதல் அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை. அந்தப் பின்னேரம் நானும் அந்த வீட்டில் இருந்தேன். என் கண்ணால் கண்டதைத்தான் கீழே எழுதுகிறேன். அண்ணியிடம் கேட்டு, அவர் ஓம் என்ற பிறகுதான் எழுதுகிறேன்.

அண்ணை யாழ்ப்பாணத்து வடமராட்சியில், புகையிலை வியாபாரம் செய்த எங்கள் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். சின்ன வயதிலேயே சைக்கிளைக் கழற்றிப் பூட்டுவார். பூட்டி முடிய ஏதாவது ஒரு ஆணி மிஞ்சும். "அது கூடப் போட்டு விட்டிருக்கிறாங்கள்" என்று சொல்லிச் சமாளிப்பார். ஊரில் இளம் பிள்ளைகள் வீட்டில் இருக்கமுடியாத காலம் வந்தது. அம்மா கழுத்தில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்து அவரை வெளியே அனுப்பினார். வழியில் அவர் பட்டதை எங்களுக்கு ஒருநாளும் சொன்னதில்லை. கேட்டால், "வந்து சேர்ந்திட்டன் தானே" என்பதுதான் பதில்.

இலண்டனில் ஈஸ்ட் ஹாமில் ஒரு அறையில் பலரோடு நெருங்கிப் படுத்து, பெற்றோல் செட்டில் வேலை செய்தார். விசா வழக்கு முடியாமல் இழுபட்ட காலத்தில்தான் ஐயா, நாங்கள் இடம்பெயர்ந்து போயிருந்த பள்ளிக்கூடத்துக்குள் கண்ணை மூடினார். மூத்த மகன் இருந்தும் கொள்ளி வைத்தது ஒன்றுவிட்ட சித்தப்பா. செய்தி கிடைத்த அன்றும் அண்ணை வேலைக்குப் போனாராம். கூட இருந்தவர்கள் மறித்ததற்கு, "நான் இஞ்ச இருந்து அழுதா ஐயா எழும்பி வரப்போறாரே? அங்க ரெண்டு சீவன் சாப்பிடவேணும்" என்றாராம். என்னை இலண்டனுக்குக் கூப்பிட்டு, ஃபாரஸ்ட் கேட்டில் ஒரு நல்ல மனிதர் கையில் பிடித்துக் கொடுத்ததும் அவர்தான். அம்மாவைக் கூப்பிட அவர் ஓடி ஓடி அலுவல் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மாவும் போய்விட்டார்.

இவ்வளவு பாரம் சுமந்த மனிதருக்கு இந்த நாட்டில் ஒரு சந்தோஷம் இருந்தது என்றால், அது அந்தப் பழைய சுவீடன் கார்தான். எங்கள் ஆட்களில் பலருக்கு அது விளங்கவில்லை. நானும் பல நாள் ஏசியிருக்கிறேன்.

அது தொடங்கிய கதையை அண்ணையே சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். பெற்றோல் செட்டுக்கு ஒரு வெள்ளைக்காரர் கறுப்புக் கார் ஒன்றில் வந்து, ஓரமாக விட்டுவிட்டு எஞ்சினை நிறுத்தாமலே இருந்தாராம். அண்ணை வெளியே போய், எஞ்சினை நிப்பாட்டு என்று எழுதிய பலகையைக் கையால் காட்டியிருக்கிறார். அவர், "கொஞ்சம் பொறு, டர்போ ஆறட்டும்" என்று ஆங்கிலத்தில் சொல்லியிருக்கிறார். அண்ணைக்கு அப்போது ஆங்கிலம் மட்டு. "டர்போ எண்டு ஆரையோ பின் சீற்றில வைச்சிருக்கிறார் எண்டு எட்டிப் பாத்தன்" என்பார். அந்த வெள்ளைக்காரர்தான் கொலின். அன்று பிடித்த சிநேகம் கடைசி வரை விடவில்லை. பிறகு கொலின் தனக்கு வேறு கார் எடுத்தபோது, அந்தக் கறுப்புக் காரை அண்ணைக்கே கொடுத்துவிட்டார்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். டர்போ என்பது எஞ்சினுக்குக் கூடக் காற்றை ஊதிக் கொடுக்கும் ஒரு சின்னச் சுழலி. வேகமாக ஓடி வரும்போது அது நெருப்பாகச் சுடும். வந்தவுடன் எஞ்சினை நிறுத்தினால் உள்ளே நிற்கும் ஒயில் கருகி அது பழுதாகிவிடுமாம். அதனால் காரை விட்ட பிறகும் எஞ்சினை மெல்ல ஓடவிட்டுக் கொஞ்ச நேரம் உள்ளேயே இருப்பார்கள். பழைய டர்போ கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் இது ஒரு நியமம். அண்ணைக்கு அது சந்தியாவந்தனம் மாதிரி. மழையோ பனியோ, வாசலில் விருந்தாளி நின்றாலும், அது ஆறாமல் இறங்கமாட்டார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். அந்தக் காரில் திறப்புப் போடும் இடம் மற்றக் கார்களைப் போல ஸ்ரேறிங் பக்கம் இல்லை. முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவில், கியருக்குப் பின்னால் இருக்கிறது. கியரை றிவேர்சில் போட்டால்தான் திறப்பு கையோடு வரும். இல்லாவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் வராது. தயவுசெய்து இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி பக்கத்து இருக்கையில் இருந்து, "இஞ்சாருங்கோ, நிப்பாட்டப் போறியளோ, நான் திருப்பவோ?" என்று திறப்பில் கை வைத்து வெருட்டுவார்.

"கை வையாதையும். ஓடி வந்தவள் மூச்சு விடட்டும்."

"நான் அடுப்படியில நாள் முழுக்க ஓடுறன். எனக்கு மூச்சு விடச் சொல்ல ஒரு ஆள் இல்லை. உங்கட ரெண்டாம்தாரத்துக்குத்தான் உந்தச் சீர்."

இப்படி வருடக் கணக்காக நடந்தது. வாசலில் அந்த எஞ்சின் சத்தம் கேட்டால் அண்ணி கேத்திலைப் போடுவார். சத்தம் நின்றால் தேத்தண்ணியை வார்ப்பார். அந்த வீட்டுக்கு அதுதான் மணி.

வருடத்தில் சில ஞாயிற்றுக்கிழமைகளில் எசெக்ஸ் பக்கம் ஒரு புல்வெளியில் அந்தப் பழைய சுவீடன் கார்க்காரர்கள் கூடுவார்கள். எல்லாக் காரும் எஞ்சின் மூடியைத் திறந்தபடி நிற்கும். தலைமுடி நரைத்த ஆட்கள் குனிந்து நின்று, ஒரு ரப்பர்க் குழாயைப் பற்றிப் பிள்ளையின் காய்ச்சலைப் பற்றிக் கதைப்பது போலக் கதைப்பார்கள். அண்ணை ஒருவர்தான் எங்கள் நிறம். நெற்றியில் திருநீறோடு போவார். முதல் தரம் காருக்குள்ளேயே இருந்த அண்ணி, அடுத்த தரம் மீன் றோல்ஸ் பொரித்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அண்ணையைத் தேடுகிறார்களோ றோல்ஸைத் தேடுகிறார்களோ என்று சொல்லமுடியாமல் போயிற்று. புதுச் சில்லுப் போட்டால் அண்ணை அதன் கீழே ஒரு தேசிக்காயை, எலுமிச்சையை, வைத்து நசித்துத்தான் காரை எடுப்பார். அதைக் கண்ட கொலின், தன் காரை வருடாந்தச் சோதனைக்குக் கொண்டுபோகுமுன் எங்கள் வீட்டு வாசலில் நின்று தேசிக்காய் கேட்டதை நானே பார்த்தேன்.

அவ்வளவு ஓடக்கூடிய காரை அண்ணை வேகமாக ஓடி நான் கண்டது மிகக் குறைவு. வெஸ்ட் ஈலிங் அம்மன் தேருக்குப் போகும்போது, பெரிய வீதியில் ஏறும் இடத்தில் மட்டும் ஒரு மிதி மிதிப்பார். முதுகு இருக்கையோடு ஒட்டிக்கொள்ளும். "முருகா!" என்று சொல்லிவிட்டு உடனே காலை எடுத்துவிடுவார். அந்த நேரம் அவர் முகம் ஊரில் சைக்கிள் பூட்டிய முகமாக இருக்கும். மற்ற நேரமெல்லாம் வேலை, வேலை. பிரஷர் இருக்கிறது என்று குளிசை கொடுத்திருந்தார்கள். நெஞ்சு இறுக்குகிறது என்று சில நாள் சொல்வார். "காஸ் தான், இஞ்சி இடிச்சுத் தாரும்" என்று முடித்துவிடுவார்.

இனி அந்த நாள்.

மழை தூறிய பின்னேரம். நான் அண்ணியோடு அடுப்படியில் கறிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டது. அண்ணி கேத்திலைப் போட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. நாங்கள் கதைத்துக்கொண்டே இருந்தோம். கேத்தில் கொதித்தது. தேத்தண்ணி ஊறிக் கறுத்துப்போயிற்று.

அண்ணி சிரித்துக்கொண்டு, "இண்டைக்கு ரெண்டாம்தாரத்தோட கதை நீளுது" என்றார்.

நானும் சிரித்தேன்.

அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அண்ணி இன்று வரை நெஞ்சில் அடித்துக்கொள்கிறார். வேறு வீடாக இருந்தால் எஞ்சின் நிற்காமல் ஓடுகிறதே என்று யாராவது எட்டிப் பார்த்திருப்பார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் அண்ணை சுகமாக வந்துவிட்டார் என்றுதான் அர்த்தம். அதை நம்பித்தான் இருந்தோம்.

சத்தம் நிற்கவே இல்லை. அண்ணி யன்னல் சீலையை விலக்கிப் பார்த்தார். அண்ணையின் தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்து கிடந்தது. இரண்டு பேரும் செருப்பும் போடாமல் ஓடினோம். வீட்டுக் கதவு எங்களுக்குப் பின்னால் அடித்துச் சாத்திக்கொண்டது. கார்க் கதவைத் திறந்து தொட்டபோது அண்ணையின் கை சில்லென்று இருந்தது. என் அலறலைக் கேட்டு ஓடிவந்த பக்கத்து வீட்டுக்காரர் அம்புலன்ஸுக்குப் போன் அடித்தார். அவர்கள் வந்து அண்ணையை இறக்கி நடைபாதையில் கிடத்தி, நெஞ்சை அமத்தத் தொடங்கினார்கள். அவர்களில் ஒருவர் காருக்குள் கையை விட்டு எஞ்சினை நிறுத்தினார்.

"என்ன மருந்து எடுக்கிறவர்? கொண்டு வாங்கோ" என்று அவர்கள் ஆங்கிலத்தில் கேட்டார்கள். குளிசைகள் வீட்டுக்குள். கதவு பூட்டு. வீட்டுத் திறப்பு இருந்தது அண்ணையின் கார்த் திறப்புக் கோர்வையில். அந்த அம்புலன்ஸ்காரர் அதை இழுக்கிறார், வரவில்லை. அண்ணி, "றிவேர்ஸ்! றிவேர்ஸ்!" என்று கத்தினார். அவருக்கு விளங்கவில்லை. அப்போதுதான் அண்ணி காருக்குள் குனிந்து, கியரைப் போட்டு, திறப்பைக் கழற்றிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் குளிசைகளைக் கொண்டுவந்தார்.

இதுதான் நடந்தது. குனிந்து நின்றதைக் கண்டவர்கள் குளிசையோடு ஓடி வந்ததைக் காணவில்லை. புருசனின் உயிரைப் பிடிக்கத்தான் என் அண்ணி அந்தத் திறப்பைப் பிடித்தார். இது அம்மன் அறிய நான் சொல்லும் சத்தியம்.

அண்ணை திரும்பி வரவில்லை. ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம், கார் வந்து நின்ற உடனே நாங்கள் போயிருந்தால் பிழைத்திருப்பாரா என்று மகள் கேட்டாள். அவர், "சொல்ல ஏலாது" என்று மட்டும் சொன்னார். அந்தப் பதிலை ஆண்டவனிடம்தான் விட்டிருக்கிறோம்.

செத்தவீட்டுக்கு வந்த கொலின் காரைத் தன் இடத்துக்குக் கொண்டுபோனார். வாசலில் அதைப் பார்க்க அண்ணியால் முடியவில்லை. கொலின் பிறகு மகளிடம் சொன்னாராம், எஞ்சினில் ஒரு பழுதும் இல்லை, டர்போ நன்றாக ஆறித்தான் இருந்தது என்று. சொல்லிவிட்டு அவரே அழுதுவிட்டாராம். அண்ணையின் பெட்டி மயானத்துக்குப் போனபோது அந்தப் பழைய சுவீடன் கார்கள் வரிசையாகப் பின்னால் வந்தன. மயானத்து வாசலில் எல்லோரும் எஞ்சினை ஓடவிட்டுத் தலை குனிந்து இருந்தார்கள். மெல்ல ஊர்ந்து வந்த கார்களுக்கு ஆறுவதற்கு என்ன சூடு இருந்தது? அது அண்ணைக்காகத்தான்.

எட்டாம் நாள் படைக்கும் எட்டுச் செலவு முடிந்த பின்னேரம் அண்ணி மகளைக் கூப்பிட்டு, "அந்தக் காரைக் கொண்டுவரச் சொல்லு" என்றார். எல்லோரும் திகைத்தோம். "என்னத்துக்கு அண்ணி இப்ப?" என்று நான் கேட்டேன்.

"அண்டைக்கு ஆரோ ஒராள் எஞ்சினை நிப்பாட்டினவன். என்ர மனுசன் ஒருநாளும் மற்றவனை நிப்பாட்ட விட்டதில்லை."

கொலின் கொண்டுவந்து வாசலில் விட்டார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. அண்ணி பக்கத்து இருக்கையில், தான் எப்போதும் இருக்கும் இடத்தில் போய் ஏறி, நடுவில் இருந்த திறப்பில் கையை வைத்தபடி இருந்தார். திருப்பவில்லை. கொலினும் ஸ்ரேறிங்கைப் பார்த்தபடி அசையாமல் இருந்தார். நாங்கள் வாசலில் மழைக்குள் நின்றோம்.

பிறகு அண்ணி, "இனிக் காணும். ஆறிப்போச்சுது" என்று சொல்லித் திறப்பைத் திருப்பினார். சத்தம் நின்றது. அவரே கியரை றிவேர்சில் போட்டுத் திறப்பை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அந்தப் பின்னேரம் ஓடிவந்து உதவிய பக்கத்து வீட்டாருக்கும், பெயர் தெரியாத அம்புலன்ஸ்காரர்களுக்கும், கொலினுக்கும் அவருடைய கார்ச் சிநேகிதர்களுக்கும், கிரியைகளைச் செய்துதந்த ஐயருக்கும், சமைத்துக் கொண்டுவந்து எங்களைச் சாப்பிட வைத்த ஈஸ்ட் ஹாம் உறவுகளுக்கும், வெளிநாடுகளில் இருந்து வந்தவர்களுக்கும், வரமுடியாமல் அங்கிருந்து அழுதவர்களுக்கும் எங்கள் குடும்பம் கை கூப்பி நன்றி சொல்கிறது. கதை கட்டியவர்கள் மேலும் எங்களுக்குக் கோபம் இல்லை. அவர்களும் வாருங்கள்.

வரும்போது, அந்தத் திறப்புக் கோர்வை சுவாமித் தட்டில் அண்ணையின் படத்துக்கு முன்னால் இருப்பதைக் காண்பீர்கள். அதைப் பற்றி அண்ணியிடம் ஒன்றும் கேட்கவேண்டாம். அவர் வார்த்துத் தரும் தேத்தண்ணியை மட்டும் சூடு ஆறுமுன் குடியுங்கள். அது போதும்.